‘ஒன்னுமில்ல’ என்றொரு வியாதி

எங்கள் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு நடைமேடைகள். அவற்றின் தூண்களில் நாற்பது ஒலிபெருக்கிகள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த நாற்பதிலும் ஒரே நேரத்தில் ஒரு பெண் மூச்சுக்குத் திணறுவது கேட்டது.

“பயணிகளின் கவனத்திற்கு. தடம் எண் நூற்றுப் பதினாறு ஏழாம் நடைமேடைக்குப் பதிலாக…” என்று ஆரம்பித்த குரல் அங்கேயே நின்றது. பிறகு, தண்ணீருக்குள் முங்கியவள் தலையைத் தூக்கி இழுப்பதுபோல நீளமாக ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. “ஐயோ, மூச்சு வரல. யாராவது வாங்களேன்.” அவள் விரல் மைக் சுவிட்சை அழுத்தியபடியே இருந்ததால் அத்தனையும் நிலையம் முழுக்கக் கேட்டது.

கூட்டம் என்ன செய்தது? சிரித்தது. ஏதோ பேய்ப்பட விளம்பரம் என்று சிலர் நினைத்தார்களாம். ஒருவன் கைபேசியை எடுத்து ஒலிபெருக்கியைப் படம் பிடித்தான். தூணில் தொங்கும் தகரக் கூம்பைப் படம் பிடித்து வீட்டுக்குப் போய் எதைப் பார்ப்பானோ, அந்த மகா புத்திசாலி. ஓடி வந்தது நான் ஒருத்திதான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விசாரணைச் சன்னலில் உட்காருபவள் நான். அவள் அறிவிப்பு அறைக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

உள்ளே அவள் தரையில் கிடந்தாள். விரல்கள் கொக்கி மாதிரி வளைந்திருந்தன. வேர்வையில் சேலை முதுகு வரை நனைந்திருந்தது. “அக்கா, நெஞ்சு வெடிக்குது. நான் போறேன்க்கா. பொண்ணப் பாத்துக்கங்க” என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தியொரு வயது. பதினோரு வருடமாக எங்கள் நிலையத்தின் குரல். தூறலில் நனைந்த தரைபோல, வழுக்காமல் குளிர்ச்சியாக இருக்கும். ஓட்டுநர், நடத்துநர், டீக்கடைக்காரர், எல்லோருக்கும் அவள் ‘ரேடியோ’. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெயரோடு ஒரு வால் சேர்ந்துவிட்டது: ‘ரேடியோ ரிப்பேரு.’ பட்டறையில் நின்ற நடத்துநர்கள் அவளைப்போல மூச்சை இழுத்துக் காட்டி, ஒருத்தன் முதுகில் ஒருத்தன் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஆறடி வளர்ந்த ஆண்பிள்ளைகள். பிரேக் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டால் முகம் வெளுத்து இறங்கி ஓடுகிற வீரர்கள்.

டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது. இளம் டாக்டர் ஒருவர் அந்தக் காகிதத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, “ஒன்னுமில்ல, போகலாம்” என்றார்.

ஒன்னுமில்ல! செத்துப்போகிறேன் என்று பெற்ற பிள்ளையை அடுத்தவளிடம் ஒப்படைத்தவளுக்கு அவர் கொடுத்த மருந்துச்சீட்டு அந்த ஒரு சொல். “அப்ப அது என்ன டாக்டர்?” என்று அவள் கேட்டபோது அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார்.

‘ஒன்னுமில்ல’ நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தது. காய்கறிக் கடை வரிசையில் வந்தது. அப்புறம் பேருந்தில். அப்புறம் மகளின் பள்ளிக்கூடத்தில், பெற்றோர் கூட்டத்தில். ஒவ்வொரு முறையும் அதே படபடப்பு, அதே மரத்துப்போன விரல்கள், இதோ முடிந்தது என்கிற அதே நிச்சயம். பத்து நிமிடத்தில் வெள்ளம் வடிந்ததுபோல எல்லாம் வடிந்துவிடும். ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் வடியவேயில்லை. மைக்கைப் பார்த்தாலே தொண்டை அடைத்தது. கதவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் எங்கும் உட்கார மாட்டாள். பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவள் பேருந்தில் ஏறப் பயந்து, மூன்று மைல் நடந்து வேலைக்கு வந்தாள்.

இது திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு நாள், பதினெட்டாம் நடைமேடை என்பதற்குப் பதில் எட்டாம் நடைமேடை என்று அவள் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவை. உடனே திருத்தியும் சொன்னாள். அதற்குள் ஒரு பெரியவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, பேருந்தைத் தவறவிட்டார். திரும்பி வந்து கண்ணாடியில் அறைந்தார். “என் பொண்ணுக்கு இன்னிக்கு ஆபரேஷன்மா! அவ கண்ண மூடறதுக்குள்ள நான் போய்ச் சேரணும்னு நெனச்சேன். நீ நல்லா இருப்பியா?” என்று கத்திவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார். அவர் மகளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. மேனேஜர் மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு அறிவிப்பையும் தாளில் எழுதி, மூன்று முறை சரிபார்த்து, விரலை வைத்துப் படித்தாள். தூக்கம் போயிற்று. சாப்பாடு பாதியாயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்து என்ன கிழித்தேன்? “ரொம்பத்தான் பண்ணாத” என்றேன்.

அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். மற்றவர்களை வாய்க்கு வந்தபடி பேசப் போகிறவள் முதலில் தன் முதுகைக் காட்டிவிட வேண்டும். முதல் இரண்டு வாரம் நானும், இவள் கொஞ்சம் நடிக்கிறாளோ என்று நினைத்தேன்.

அடுத்து ஆரம்பித்தது அறிவுரைத் திருவிழா. காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே சரக்கு அதுதானே, ஆளுக்கொரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

டைம்கீப்பர் வந்தார். வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிப்பவர், சொந்த வாழ்க்கையில் எதற்குமே நேரத்துக்கு வராதவர். “தைரியமா இருங்கம்மா. எல்லாம் மனசுதான்” என்றார். எல்லாம் மனசுதான் என்பது யாருக்குத் தெரியாது? மனசுதான் வலிக்கிறது என்கிறாள். கால் முறிந்தவனிடம் போய், ‘எல்லாம் காலுதான்’ என்று சொல்லிவிட்டு வருவாரா?

டீக்கடைக்காரர், “கேஸ் டிரபிள். சுடுதண்ணி குடிங்க” என்றார். டிக்கெட் கவுன்ட்டர்காரி, தன் சித்தப்பா மகளுக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு குழந்தை பெற்றதும் சரியாகிவிட்டது என்றாள். ரேடியோவின் மகளுக்குப் பதிமூன்று வயது என்பது அவளுக்குத் தெரியும்.

எல்லோருக்கும் மேலே ஒரு சிகரம், ரேடியோவின் நாத்தனார். கணவனின் அக்கா, அடுத்த தெரு. அந்த அம்மாளுக்குத் தெரியாத வியாதி உலகத்தில் கிடையாது, அவள் குணமாக்கிய வியாதியும் கிடையாது. “உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சா இதெல்லாம் வராது. எங்க காலத்துல நெஞ்சு படபடங்குறதுக்கு எங்களுக்கு நேரம் ஏது?” என்றாள். காலை ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, எட்டு மணி நேரம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, திரும்பி வந்து மறுபடி சமைக்கிறவளிடம் இதைச் சொன்னாள். சொன்னவள் அதுவரை சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. ரேடியோ போட்டுக் கொடுத்த டீயில் சர்க்கரை போதாது என்று வேறு சொன்னாள்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர். நல்லவர், வாய் மட்டும் கிடையாது. மனைவிக்குப் பதில் அவரே கடைக்குப் போனார். அவளுக்கு வருகிற போனை அவரே எடுத்துப் பேசினார். பள்ளிக்கூடத்துக்கும் அவரே போனார். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் அவள் ஒவ்வொரு அறையாகக் காலி செய்து, கடைசியில் சமையலறைக்கும் படுக்கைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

எங்கள் மேனேஜரை மறந்துவிடக் கூடாது. தலைமை அலுவலகத்திலிருந்து ‘ஊழியர் மனநல நாள்’ நடத்தச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அவர் நடத்தினார் பாருங்கள், ஒரு கூத்து! கூட்ட அறையில் பலூன் கட்டினார். சிரிக்கும் மஞ்சள் முகம் போட்ட பேனர் வைத்தார். ஏசி குளிர் போகக் கூடாது என்று கதவைச் சாத்தினார். கோட் போட்ட ஒருவர் வந்து, காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று ‘நான் ஒரு சிங்கம்’ என்று பத்து முறை சொல்லச் சொன்னார். டைம்கீப்பர் உட்பட நாற்பத்தைந்து பேர் ‘நான் ஒரு சிங்கம்’ என்று கத்தினோம். சாத்திய கதவைப் பார்த்ததும் ரேடியோவுக்கு வேர்த்தது. மெதுவாக எழுந்து வெளியே போனாள்.

மேனேஜர் மைக்கிலேயே சொன்னார்: “நல்லது பண்ணாலும் சில பேர் ஒத்துழைக்க மாட்டாங்க.” அப்புறம் கேக் வெட்டினார். மனநலம் கேக்கோடு முடிந்தது. மூன்று மணிக்கு அவள் கையில் ஒரு உத்தரவு வந்தது: அறிவிப்புப் பணியிலிருந்து விடுவித்து, தவறவிட்ட பொருள்கள் அறைக்கு மாற்றம். பலூனைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

அந்த அறை கழிப்பறைக்குப் பின்னால் இருந்தது. அலமாரி முழுக்கக் குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட். பல்லை விட்டுவிட்டு இறங்கிப் போன மனிதர் எப்படிப்பட்டவரோ! அங்கே அவளிடம் பேச ஆள் கிடையாது. மைக் இல்லை, கூட்டம் இல்லை. இனி அவளுக்கு நிம்மதி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும்தான். ஆனால் நடந்தது வேறு. ஒதுங்க ஒதுங்கப் பயம் கொழுத்தது. குடை கேட்டு யாராவது சன்னல் பக்கம் வந்தாலே அவள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வீட்டில் மகளைச் சாப்பிடக் கூப்பிடக்கூட எழுந்து போய்த் தோளைத் தொடுவாளாம். ஊரையே கூப்பிட்ட குரல் பக்கத்து அறைக்கு எட்டவில்லை.

மூன்றாவது தடவையாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நான்தான் கூட இருந்தேன். அன்று பணியிலிருந்த நர்ஸ் வயதானவர், சிரிக்கத் தெரியாதவர். ஒயரைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:

“இதோட எத்தனாவது தடவை?”

“மூணு சிஸ்டர்.”

“உங்க இதயம் என் இதயத்தவிட நல்லா இருக்கு. தைராய்டு பாத்தாச்சா? அதுவும் சரியா? அப்ப இது பேனிக் அட்டாக். பயம் உச்சத்துக்கு ஏறி உடம்பு பண்ற கலாட்டா. நெறைய பேருக்கு வருது, எனக்கே வந்திருக்கு. பன்னண்டாம் நம்பர் ரூம்ல கவுன்சலர் இருக்காங்க. போய்ப் பாருங்க. இன்னொரு தடவை ஈசிஜி எடுக்க வராதீங்க.”

கருணை சொட்டச் சொட்டப் பேசிய அத்தனை பேரும் கொடுக்காததை, கடுகடுவென்று பேசிய அந்த அம்மாள் கொடுத்தார். ஒரு பெயர். ரேடியோ கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதாள். “அப்ப ஒன்னுமில்லன்னு இல்லல்லக்கா? ஏதோ இருக்குல்ல?” என்று என்னைக் கேட்டாள். வியாதி இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்ட ஒரு நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டாம் நம்பர் அறைக்குள் நான் பெரிய எகத்தாளத்தோடுதான் போனேன். மெல்லிய இசை, மீன் தொட்டி, தேன் தடவிய பேச்சு என்று எதிர்பார்த்தேன். கவுன்சலர் குட்டையான, தடித்த பெண். சளி பிடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் மாவுக்கட்டு வெட்டுகிறார்கள். இயந்திர ரம்பம் கிர்ரென்று கத்தும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இவரா இவளைக் குணப்படுத்தப் போகிறார், முதலில் சளியைக் குணப்படுத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ரேடியோ என் கையை விடவில்லை. அதனால் முதல் நாள் என்னையும் உட்கார விட்டார்கள்.

கவுன்சலர் அறிவுரையே சொல்லவில்லை. கேள்வி கேட்டார். எப்போது வரும், முதலில் உடம்பில் எங்கே தெரியும், அந்த நொடியில் மனசு என்ன சொல்லும், அப்போது என்ன செய்வீர்கள். நான் பத்தொன்பது வருடமாக விசாரணைச் சன்னலில் இருக்கிறேன், இத்தனை பொறுமையாக ஒருத்தரையும் விசாரித்ததில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் தன் பங்குக்கு ஏதோ சொன்னார்.

“பஸ்ல ஹாரன் சுவிட்ச் ஒட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும்?”

“கத்திக்கிட்டே போகும் மேடம்.”

“எதிர்ல யாராவது இருக்காங்களா?”

“இல்ல.”

“ஆனா ஹாரன் சத்தம் நெசம்தானே? உங்க படபடப்பு நெசம். வேர்வை நெசம். நீங்க நடிக்கல. எதிர்ல ஆபத்து இருக்குங்கிறது மட்டும்தான் பொய். நீங்க இப்ப அந்த ஹாரனுக்குப் பயந்துக்கிட்டு வண்டியையே எடுக்காம ஷெட்ல போட்டுட்டீங்க.”

‘நீங்க நடிக்கல’ என்றபோது நான் சுவரில் இருந்த கைகழுவும் முறைப் படத்தை ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தேன்.

மாத்திரை வேண்டுமா என்பதை மாடியில் உள்ள மனநல மருத்துவர் பார்த்துச் சொல்வார் என்றார். மருத்துவர் பார்த்துச் சில மாதங்களுக்குச் சிறிய அளவில் ஒன்று எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு நாள் பேச்சு, பன்னிரண்டு வாரம் என்று ஏற்பாடு.

மூன்றாவது வாரம் அந்த அம்மாள் செய்த காரியத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்தது. ரேடியோவை நாற்காலியில் உட்கார வைத்து, வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னாராம். அதே தலைசுற்றல், அதே விரல் மரப்பு, அதே நெஞ்சடைப்பு எல்லாம் வந்ததாம்.

“மயக்கம் வராதவளுக்கும் மயக்கம் வரவழைக்கிறதா வைத்தியம்?” என்று கேட்டேன்.

“கேளுங்கக்கா. எல்லாம் வந்துச்சு. அவங்க அசையவே இல்ல, மூக்கச் சிந்திட்டு உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல அதுவா எறங்குச்சு. ‘செத்தீங்களா?’ன்னாங்க. ‘இல்ல’ன்னேன். ‘நோட்டுல எழுதுங்க’ன்னாங்க.” சொல்லிவிட்டு ரேடியோ சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

பெரியவர் விஷயமும் அந்த அறையில்தான் வெளியே வந்தது. அவர் மகள் செத்திருப்பாள், அதற்குத் தான்தான் காரணம் என்று இவள் உள்ளே ஒரு தீர்ப்பே எழுதி வைத்திருந்தாள். கவுன்சலர், “அப்படியெல்லாம் இருக்காது” என்று சொல்லவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். தெரியாது. “ஆபரேஷன் பண்றவங்க யாரு, நீங்களா?” இல்லை. “பதினோரு வருஷத்துல எத்தன பேர் சரியான பஸ்ஸப் புடிச்சாங்க?” கணக்கில்லை. ‘ஒரு தடவை தவறினதுக்கு இவ்வளவா’ என்று நானும்தான் எத்தனையோ தடவை அவளிடம் சொல்லியிருந்தேன். அவரோ எதையும் சொல்லாமல் அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்த வித்தியாசத்துக்குப் படிப்பு வேண்டியிருக்கிறது போலும். எனக்கு அது பொறாமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது வாரம் எல்லாம் தலைகீழாயிற்று. துணிக்கடையில் மகளுக்கு உடுப்பு எடுக்கும்போது பெரிதாக ஒன்று வந்து, பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். “அந்தச் சளிக்காரிக்கு இதயமே கிடையாது. இனி போக மாட்டேன்” என்று படுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் நாத்தனார் சோபாவில் இடம் பிடித்திருந்தாள். கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்று நாத்தனார் ஆரம்பித்தாள். “குடும்ப விஷயத்த எவளோ ஒருத்திகிட்ட ஒப்பிக்கிறதுக்கு ஒரு வைத்தியமா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்குப் பொண்ண யாரு கட்டுவா? மனச தைரியமா வச்சுக்கிட்டா எல்லாம் சரியாகும்.”

ரேடியோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். “அண்ணி, தலை வலிக்குது” என்றாள் மெதுவாக.

கணவர் திருப்புளியைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அவர் குரலை நான் அதுவரை ‘வாங்க’, ‘போய்ட்டு வாங்க’ தவிர கேட்டதில்லை.

“அக்கா, போன வருஷம் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு என் கடைக்கு வந்தியே.”

“ஆமா, அதுக்கென்ன?”

“அப்ப உன்னை ‘தைரியமா பாரு, எல்லாம் தெரியும்’னு சொல்லி அனுப்பினேனா? கண்ணாடி போட்டுத்தானே விட்டேன்?”

நாத்தனார் மூக்கில் இருந்த கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அவ்வளவு வாயா உனக்கு?” என்று எழுந்து போய்விட்டாள். மூன்று மாதம் வரவில்லை. மருந்து வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அடுத்த வாரம் கணவரே கூட்டிக்கொண்டு போனார். கவுன்சலர் அவரையும் உட்கார வைத்து, “நீங்க அன்பாத்தான் செய்றீங்க. ஆனா அவங்களுக்குப் பதிலா நீங்க எடுக்கற ஒவ்வொரு போனும், ‘உன்னால முடியாது’ன்னு அவங்ககிட்ட சொல்ற மாதிரிதான்” என்றாராம். பாவம், மனிதர். அதன் பிறகு வீட்டில் போன் அடித்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

துணிக்கடையில் வந்தது தோல்வி இல்லை, வழியில் வருகிற பள்ளம் என்று கவுன்சலர் சொல்லிவிட்டு, வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தார். முதல் படி, குடைகளுக்கு அறிவிப்புச் செய்வது. ஆமாம், குடைகளுக்குத்தான். தவறவிட்ட பொருள்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள், “பயணிகளின் கவனத்திற்கு” என்று அலமாரிக்குச் சத்தமாகப் படித்தாள். கழிப்பறைக்குப் போன டைம்கீப்பர் அதைக் கேட்டு, முழுசாகவே முற்றிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். சொல்லட்டும். யாருமே பதில் சொல்லாத வாக்கிடாக்கியில் தினமும் ஐம்பது தடவை கத்துகிறவர் அவர்.

அடுத்த படி, மதிய இடைவேளையில் எனக்கு. அதற்கடுத்து, அறிவிப்பு அறையில் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு. நடுவில், பேருந்தில் ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம், ஆறு நிறுத்தம். படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது, அது தானாக இறங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நாள் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் கம்பி வளைந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் இறங்கவில்லை.

பன்னிரண்டு வாரம் பதினாறாயிற்று. அதன் பிறகு, பழைய வேலையைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, “மனசு முழுக்கச் சரியாயிடுச்சுன்னு சர்ட்டிபிகேட் வேணுமே” என்றார்.

“கொண்டு வர்றேன் சார்” என்றாள். அப்புறம், குரல் நடுங்க ஆனால் நிறுத்தாமல், “போன வருஷம் உங்களுக்கு மூட்டு ஆபரேஷன் ஆச்சே சார். கால் முழுக்கச் சரியாயிடுச்சுன்னு சர்ட்டிபிகேட் குடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

மறுநாள் அவர், மருத்துவர் எழுதித்தந்த இரண்டு வரிச் சான்றிதழை, அது கடித்துவிடும் என்பதுபோல இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். முதலில் தினம் இரண்டு மணி நேரம் என்று உத்தரவு போட்டார். அதைத் தன் பெருந்தன்மை என்று மாத அறிக்கையில் எழுதிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நான் சன்னலை மூடிவிட்டு, ‘ஐந்து நிமிடத்தில் வருவார்’ பலகையை வைத்தேன். வெளியே ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் தாளை எடுத்தாள். ஒரே ஒரு முறை படித்தாள். சுவிட்சை அழுத்தினாள்.

“பயணிகளின் கவனத்திற்கு. தடம் எண் முப்பத்தி நான்கு…”

நின்றது. அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. முகம் வெளுத்தது. என் கை கதவுப்பிடிக்குப் போயிற்று. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, வராதே என்று தலையை ஆட்டினாள். மூன்று நொடி, நான்கு நொடி. விரலை எடுக்கவில்லை.

“…பதினான்காம் நடைமேடையிலிருந்து புறப்படும்.”

நான் நிலையத்தை எட்டிப் பார்த்தேன். ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருத்தர் தலை நிமிரவில்லை. பெட்டியைத் தூக்கினவன் தூக்கிக்கொண்டு போனான், கைபேசி பார்த்தவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை பாடுபட்டு ஒருத்தி வாயைத் திறந்திருக்கிறாள், நன்றி கெட்ட ஜென்மங்கள், பதினான்காம் நடைமேடைக்கு நடக்கின்றன. எனக்கு வந்த கோபத்தில் அழுகை வந்தது. அவளோ உள்ளே, யாருமே கவனிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்து மலர்ந்துகொண்டிருந்தாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. முழுநேரமும் அவள்தான் அறிவிக்கிறாள். மாத்திரையை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். முற்றிலும் போய்விட்டது என்று சொன்னால் பொய். போன வருடம் இரண்டு முறை வந்தது. ஒரு முறை அறிவிப்பின் நடுவிலேயே. வந்ததை உட்கார வைத்துவிட்டு, வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் அதைக் கவனித்தாளாம். கவுன்சலர் கடைசி நாளில், “தேவைப்பட்டா மட்டும் வாங்க” என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு வாழ்த்துக்கூடக் கிடையாது. ரேடியோவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே ஒரு குறை சொல்ல வேண்டும். அவளுக்கு இப்போது வாய் நீண்டுவிட்டது. நேற்று கண்ணாடித் தடுப்பில் உள்ள சின்னச் சன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று எனக்கும் அவளுக்கும் சண்டை. புழுக்கமாக இருக்கிறது, திற என்றேன். என் பேச்சுச் சத்தம் மைக்கில் விழுகிறது, மூடுங்கள் என்றாள். முக்கால் மணி நேரம் வாதாடினாள். “ஆளப் பாரு, பயந்தாங்கொள்ளியா இருந்தப்பவே நல்லா இருந்த” என்றேன்.

“அப்படியா? அப்ப நீங்களும் சத்தம் போடாம இருந்தீங்க, அதனால நல்லா இருந்துச்சு” என்றாள்.

சன்னல் மூடித்தான் கிடக்கிறது. நான் ஒரு மின்விசிறிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.